ஒகட்டி, ரெண்டு, மூரு

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் வாசல் கழுவிச் சாம்பிராணி போடுவார்கள். எனக்கு அது புது வெளியீடுகள் வரும் நாள். எலக்ட்ரோ, ஆசிட் என்று உலகத்தின் ஏதேதோ மூலைகளில் நடன இசை செய்கிறவர்கள் பெரும்பாலும் அன்றைக்குத்தான் தங்கள் புதுச் சரக்கை இணையத்தில் இறக்குகிறார்கள். யார் வைத்த வழக்கமோ தெரியாது. முதல் ஷிப்டுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இயர்போனை மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கேட்டபடி போவேன். டிரைவர் தன் பங்குக்குப் பழைய சினிமாப் பாட்டு போடுவார். பக்கத்து சீட்டுக்காரர் என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்குவார். ஓசூர் நெரிசலில் பஸ் நின்று நின்று போவதற்குள் ஐந்தாறு கேட்டுவிடலாம். முக்கால்வாசி குப்பை. போன வருடம் செய்ததையே சட்டையை மாற்றி அனுப்பியிருப்பார்கள். எப்போதாவது ஒன்று அமைந்துவிட்டால், கம்பெனி கேட் வந்த பிறகும் இறங்க மனசு வராது.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரோ என்பது நடக்கும்போது ஒரு கால் லேசாகத் தடுக்குகிற மாதிரியான தாளம். ஆசிட் என்பது தாளத்தின் மேல் நெளிந்துகொண்டே போகும் ஒரு கனத்த பேஸ் சத்தம். தண்ணீர் விடுகிற நாளில், தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாயில் காற்று அடைத்துக்கொண்டு கத்துமே, கிட்டத்தட்ட அதுதான். ஆசிட் என்றதும் என் ஷிப்ட் ஆட்கள் பிளேட்டிங் செக்‌ஷனில் தொட்டியில் இருப்பதைத்தான் நினைத்தார்கள். நான் திருத்தவில்லை. திருத்தினால் கேட்கக் கொடு என்பார்கள். கேட்டால், இதுக்கு நம்ம மூணாம் நம்பர் பிரஸ்ஸே தேவலாம் என்பார்கள்.

அவர்கள் சொல்லியிருக்கக்கூடியது சரிதான். நானும் வீட்டில் இந்த மாதிரி இசை செய்து பார்ப்பவன்தான்; அதில் தேறிய ஒரே டிராக் அந்த மூன்றாம் நம்பர் பிரஸ்ஸிலிருந்து எடுத்தது. ஒரு வெள்ளிக்கிழமை அதுவும் மற்றவற்றோடு வெளியானது. அதில் கேட்கும் குரல் ஒரு பெண்ணுடையது. அந்தப் பெண் இப்போது எங்கள் கம்பெனியில் இல்லை. என்னால்தான் இல்லை.

நான் மெயின்டனன்ஸில் எலக்ட்ரீஷியன். பெர்மனென்ட். எங்கள் கம்பெனியில் பெர்மனென்ட் ஆட்களுக்குச் சாம்பல் நிறச் சட்டை, கான்ட்ராக்ட் ஆட்களுக்கு நீலம். தூரத்தில் ஒருவர் வரும்போதே அவரிடம் எப்படிப் பேசுவது என்று சட்டை சொல்லிவிடும். அந்தக் குரலுக்கு உரிய பெண் நீலச் சட்டை. ஊத்தங்கரைக்காரர். மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, ஓசூரில் நான்கு பெண்களோடு ஓர் அறையில் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தார். வருடத்துக்கு ஒருமுறை கான்ட்ராக்ட்டிலிருந்து சிலரைப் பெர்மனென்ட் ஆக்குவார்கள். அந்த வருடம் அவர் பெயரும் போயிருக்கிறது என்று சூப்பர்வைசரே சொல்லிவிட்டார். பெர்மனென்ட் ஆனதும் தனி வீடு பிடித்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்து இங்கே பள்ளியில் சேர்ப்பது என்று தீர்மானித்திருந்தார். லைனில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் எல்லாம் செய்தேன்.

அவர் என்னை அண்ணா என்பார். நான் அவரை அக்கா என்பேன். யாருக்கு என்ன வயது என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை. ஷாப் என்கிற எங்கள் வேலைக்கூடத்தில் அதுதான் மரியாதை.

மூன்றாம் நம்பர், இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பெரிய பிரஸ். நான்கு பேர் நான்கு மூலையில் நிற்க வேண்டும். ஒவ்வொருவர் முன்னாலும் இரண்டு பட்டன்கள், இரண்டு கைக்கும் ஒவ்வொன்று. எட்டு பட்டனும் ஒரே நேரத்தில் அழுந்தினால்தான் மேலே இருக்கிற டை என்கிற அச்சு கீழே இறங்கும். யாருடைய கையாவது உள்ளே இருந்தால் இறங்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ஏற்பாடு நல்லதுதான். ஆனால் நான்கு பேரும் ஒரே நொடியில் அழுத்த ஒருவர் எண்ண வேண்டும். அந்த லைனில் ஒருத்தர் தெலுங்கு, ஒருத்தர் ஆனேக்கல் பக்கத்துக் கன்னடம், அக்கா தமிழ், கடைசிப் பெண் ஒடிசாவிலிருந்து வந்தவள். முதலில் எந்த மொழியில் எண்ணுவது என்று சின்னதாக ஒரு சண்டையே நடந்தது. அக்காதான் தீர்த்துவைத்தார். எண்ணுவது அவர், ஆளுக்கு ஒரு எண்: தெலுங்கில் ஒன்று, தமிழில் இரண்டு, கன்னடத்தில் மூன்று. "ஒகட்டி, ரெண்டு, மூரு."

ரெண்டு தெலுங்கிலும் ரெண்டுதானே, அப்போது அவளுக்கு மட்டும் இரண்டு பங்கா என்று கன்னடப் பெண் கேட்டாளாம். ஒடிசாப் பெண் எனக்கு எங்கே என்று கேட்டாளாம். "நாலாவது உனக்கு. அதை மெஷின் சொல்லும்" என்றிருக்கிறார் அக்கா. ஒகட்டி, ரெண்டு, மூரு, டம். காலையிலிருந்து சாயங்காலம் வரை அது ஓடும். முதலில் கொஞ்சம் இழுத்து, இரண்டாவதில் நிதானித்து, மூன்றாவதைச் சட்டென்று வெட்டி விடுவார். வெட்டின இடத்தில் எட்டுக் கையும் இறங்கும். ஷாப்பில் அத்தனை இரைச்சலிலும் அந்தக் குரல் தனியாக வரும். கத்தமாட்டார். பஸ் ஸ்டாண்டில் ஊர்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்களுக்கு வருகிற ஒரு குரல் உண்டே, அது.

நான் வேறு பிரஸ்ஸில் வேலையாக இருக்கும்போதும் என் காது அங்கேயே இருக்கும். இப்படிப்பட்ட ஒரு தாளத்தை வீட்டிலிருக்கும் இசைப் பெட்டிகளை வைத்துக்கொண்டு உருவாக்க என் வாழ்நாளில் முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. பொறாமை என்றும் சொல்லலாம்.

ஒருநாள் அந்தப் பிரஸ்ஸின் சென்சார் போய்விட்டது. மாற்றிக் கொடுத்தேன். வேலை முடிந்த பிறகும், சரியாக ஓடுகிறதா என்று பார்க்கிறவன் மாதிரி பேனல் பக்கத்தில் நின்றேன். லைன் ஆட்கள் போனைக் கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். மெயின்டனன்ஸ் ஆட்களுக்கு மட்டும் அனுமதி உண்டு, கேமரா மேல் செக்யூரிட்டி ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார். ஸ்டிக்கர் மைக்கை மூடாது. சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பதிவைத் தட்டி, கையில் பிடித்தபடி நின்றேன். அக்கா எதிரே இருந்தார். என்னைப் பார்த்தார், போனையும் பார்த்தார். எண்ணிக்கொண்டிருந்ததால் பேச முடியாது. புருவத்தை மட்டும் தூக்கினார். நான் சிரித்தேன், அவ்வளவுதான்.

சொன்னால் குரலில் கவனம் வந்துவிடும், அந்த இயல்பு போய்விடும், அதனால்தான் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க ஆயிரம் சமயம் இருந்தது. டீ நேரத்தில் தினமும் பார்க்கிறவர்கள்தானே. வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும், விட எனக்கு மனசில்லை.

எங்கள் வீடு லைன் வீடு, சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். பெங்களூரில் ஒருவர் கழித்துவிட்ட வெள்ளி நிறப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன், ஆசிட் சத்தம் அதிலிருந்துதான் வரும். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் இயர்போனோடு உட்கார்ந்து அந்தப் பதிவை வெட்டி ஒட்டினேன். அக்காவின் எண்ணிக்கை ஆட ஏற்ற வேகத்தில் இல்லை, கூட்டினேன். கூட்டினதும் குரல் கொஞ்சம் இளசாகிவிட்டது. 'மூரு' வெட்டுப்படும் இடத்தில் பேஸை உள்ளே விட்டேன். நாலாவதில் பிரஸ் விழுந்தது. எனக்கே உடம்பு சிலிர்த்தது. என் மனைவியைக் கூப்பிட்டு ஒரு காதைக் கொடுத்தேன். அவள் முழுதும் கேட்டாள்.

"யாரு இது?"

"நம்ம பிரஸ் ஷாப் அக்கா."

"நல்லாருக்குதுங்க. அவங்க கிட்ட சொல்லிட்டீங்கதானே?"

"சொல்லிக்கலாம்."

"சொல்லிக்கலாம்னா?" என்று கேட்டுவிட்டுக் குக்கர் சத்தத்துக்கு எழுந்து போய்விட்டாள். திரும்பி வந்து அதே கேள்வியைக் கேட்பாள் என்று பயந்து, காய்கறி வாங்கி வருகிறேன் என்று வெளியே கிளம்பிவிட்டேன்.

ஐரோப்பாவில் ஒரு சின்ன ஊரில் இரண்டு பேர் நடத்துகிற இசை வெளியீட்டு லேபிள் ஒன்று இருக்கிறது. எலக்ட்ரோ, ஆசிட் மட்டும்தான் வெளியிடுவார்கள். நான் முன்பு அனுப்பியவற்றுக்கு, மரியாதையாக, வேண்டாம் என்று பதில் போட்டவர்கள். இதற்கு அன்றைக்கே பதில் வந்தது. நான்கு பேருடைய டிராக்குகளைச் சேர்த்து ஒரு இசைத்தட்டாகப் போடுகிறோம், இணையத்திலும் வரும், உன்னுடையது இரண்டாம் பக்கத்தில் முதலாவது என்று எழுதியிருந்தார்கள். கடைசியில் ஒரு வரி: இந்தக் குரல் யாருடையது, பெயர் போட வேண்டுமா?

பெயர் போட்டால் அவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் சம்மதம் கேட்க வேண்டும். "யாரோ ஒரு தொழிலாளி, தெரியாது" என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிவிட்டு டீ நேரத்துக்குப் போனேன். அக்கா அன்றைக்கு மகள் வரைந்த மயில் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் காட்டினார். நன்றாக இருக்கிறது என்றேன்.

வெளியான வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நான் இருந்த இருப்பைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. எத்தனையோ பேருடைய புதிய வெளியீடுகளைக் குப்பை என்று தள்ளிவிட்ட அதே ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, வரிசையில் என்னுடையதைத் தேடினேன். இருந்தது. எனக்கு நானே வைத்துக்கொண்ட புனைபெயர், கீழே லேபிள் எழுதிய அறிமுகம். பெயர் தெரியாத ஒரு தென்னிந்தியத் தொழிலாளியின் மர்மமான குரல் என்று எழுதியிருந்தார்கள். மர்மம் ஒன்றுமில்லை, அந்தக் குரலுக்கு உரியவர் பஸ்ஸில் எனக்கு நான்கு வரிசை முன்னால் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். இதை மறைத்தால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

எங்கள் ஆபீஸில் ஒரு டிரெய்னி இன்ஜினியர், சனிக்கிழமையானால் பெங்களூர் கிளப்புகளுக்குப் போகிறவன். அங்கே யாரோ அதைப் போட்டிருக்கிறார்கள். ஒகட்டி, ரெண்டு, மூரு என்று கேட்டதும் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. தேடி எடுத்து டிபார்ட்மெண்ட் குரூப்பில் போட்டுவிட்டான், நம்ம மூணாம் நம்பர் லைன் உலகம் பூரா ஓடுது என்று. அவன் பெருமையாகத்தான் போட்டான். திங்கட்கிழமை ஷாப் முழுக்க அதே பேச்சு. கேன்டீனில் அக்காவைப் பார்த்ததும் பையன்கள் "ஒகட்டி" என்பார்கள், இன்னொரு பக்கத்திலிருந்து "ரெண்டு" என்று வரும். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு தட்டை எடுத்துக்கொண்டு போவார். யார் செய்தது என்று யாருக்கும் தெரியவில்லை, புனைபெயர் என்னைக் காப்பாற்றியது.

மறுநாள் டீ நேரத்தில் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தப் பாட்டு நல்லாருக்குதாமேணா. எல்லாரும் சொல்றாங்க. என் போன்ல ஓட மாட்டேங்குது."

"எந்தப் பாட்டு?" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை. "ஒண்ணுமில்லைணா, சும்மா கேட்டேன்" என்று டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டேன். அவர் ஏன் இன்னொரு தடவை கேட்க வேண்டும்?

அந்த வாரம் கஸ்டமர் ஆடிட் வருவதாக இருந்தது. ஷாப் உள்ளேயிருந்து ஒரு பதிவு வெளியே போயிருக்கிறது என்றால் கஸ்டமர் கேள்வி கேட்பார். எச்.ஆர். ஆபீஸுக்கு அக்காவைக் கூப்பிட்டார்கள். குரல் அவருடையது, அதனால் போன் கொண்டுவந்ததும் அவராகவோ அவருக்கு வேண்டியவராகவோதான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. லைனில் இருந்த தெலுங்குக்காரப் பெண் சாயங்காலம் என்னிடம் வந்து, நடந்ததைச் சொன்னாள்.

"ரொம்ப நேரம் உக்கார வெச்சுக் கேட்டாங்கண்ணா. யார் எடுத்ததுன்னு தெரியாது சார்னு சொல்லிட்டாங்க அக்கா. அதையே சொல்லிட்டு வந்துட்டாங்க. உங்க பேரச் சொல்லல."

கடைசி வாக்கியத்தை மெதுவாகச் சொன்னாள். லைனில் நான்கு பேருக்கும் முதல் நாளிலிருந்தே தெரியும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "நாளைக்கு முதல்ல அந்தக்காவைப் பாத்துப் பேசுங்க" என்றாள். முதலில் என்று அழுத்திச் சொன்னாள். காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அக்கா வருகை பதியும் பஞ்ச் வரிசையில் நிற்பதைப் பார்த்தேன். அவரிடம் என்ன பேசுவது, எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. எச்.ஆரிடம் போய் ஒப்புக்கொள்வது அதைவிடச் சுலபமாக இருந்தது. நேராக அங்கே போனேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன். பெரிய தியாகம் செய்யப்போகிற நினைப்பு.

எச்.ஆர். அதிகாரி நல்ல மனுஷர். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். நான்தான் பதிவு செய்தேன், நான்தான் வெளியிட்டேன், அவருக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று சொன்னேன். சொல்லச் சொல்ல உடம்பு லேசானது. "நீங்களே வந்து சொன்னது நல்லது" என்றார். பிறகு, ஞாபகம் வந்தவர் மாதிரி, ஒன்று கேட்டார்.

"நீங்க ரெக்கார்ட் பண்ணும்போது அவங்க உங்களைப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க சார். எதிர்லதான் நின்னாங்க. நான் ஒளிச்சு வெச்சு எடுக்கல."

நான் திருட்டுத்தனமாக எடுக்கவில்லை என்று காட்டிக்கொள்ள எனக்கு அவ்வளவு ஆசை. நல்லவன் என்று பெயர் எடுக்க வந்தவனிடம் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் அவர் கேட்டார். அவர் பேனாவை மூடி வைத்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. முந்தின நாள் அதே நாற்காலியில் உட்கார்ந்து, யார் எடுத்தது என்று தெரியாது என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எனக்காகச் சொன்னது. நான் உண்மையைச் சொன்ன நிமிடத்தில் அவர் பொய் சொன்னவர் ஆகிவிட்டார்.

"சார், அவங்க என்னைக் காப்பாத்தத்தான்..." என்றேன்.

"புரியுது. ஆனா விசாரணையில பொய் சொல்லிருக்காங்களே" என்றார் அவர், வருத்தமாகவே.

எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். பெர்மனென்ட் ஆளை அதற்கு மேல் ஒன்றும் எளிதில் செய்துவிட முடியாது. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மெமோ எல்லாம் கிடையாது. மாதம் முடிந்தால் கேட் பாஸைப் புதுப்பிப்பார்கள். அவருக்குப் புதுப்பிக்கவில்லை. நான் மறுபடி எச்.ஆரிடம் போனேன், அது கான்ட்ராக்டர் பார்க்கிற விஷயம் என்றார்கள். கான்ட்ராக்டரிடம் போனேன், கம்பெனி சொன்னால் நான் என்ன செய்ய முடியும் என்றார். இரண்டு பேரும் மரியாதையாகவே பேசினார்கள். சட்டை சாம்பல் நிறம் அல்லவா.

கடைசி நாள் அக்கா சேஃப்டி ஷூவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, லைனில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார் என்று கேள்விப்பட்டேன். கேள்விதான் பட்டேன். நான் பேனல் அறைக்குள் போய், சரியாக இருந்த வயர்களை அவிழ்த்து மறுபடி மாட்டிக்கொண்டிருந்தேன்.

அவரைக் கேட்காமல் அவர் குரலை எடுத்தேன். அவரைக் கேட்காமல் உண்மையையும் சொன்னேன். இரண்டாவதற்கு எனக்குப் பாராட்டு வேறு கிடைத்தது.

அவர் போன பிறகு மூன்றாம் நம்பர் லைன் திணறியது. புதிதாக வந்த பெண் எண்ண வெட்கப்பட்டாள். ஒருவர் முந்துவார், ஒருவர் பிந்துவார், எட்டு பட்டனும் சேராது, பிரஸ் இறங்காது. உற்பத்தி குறைகிறது என்று மீட்டிங்கில் பேசி, ஒரு பஸ்ஸர் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். மூன்று பீப், மூன்றாவது வெட்டினாற்போல. வேலை மெயின்டனன்ஸுக்கு வந்தது. என் ஷிப்ட், என் லைன். மாட்ட வேண்டியவன் நான்.

மாட்டுவது பெரிய வேலையில்லை, ஒரு டைமர், ஒரு ஹாரன். எந்த வேகத்தில் வைப்பது என்பதுதான் கேள்வி. அதிகமாக வைத்தால் எட்டுக் கையும் சேராது, குறைத்தால் உற்பத்தி போகும். புரடக்‌ஷன் ஆட்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில், யாரும் இல்லாத இடமாகப் பார்த்துப் போய், என் போனிலிருந்த பழைய பதிவை, நான் வேகம் கூட்டுவதற்கு முந்தின பதிவை, போட்டுக் கேட்டேன். ஒகட்டியை இழுத்து, ரெண்டில் நிதானித்து, மூருவை வெட்டி. அதே அளவுக்கு டைமரைத் திருகினேன். முதல் தடவையிலேயே எட்டுக் கையும் சேர்ந்து இறங்கியது. சூப்பர்வைசர் என் முதுகில் தட்டினார்.

தளி தாண்டி, ஜவளகிரி போகிற வழியில் ரோஜாப் பண்ணைகள் இருக்கின்றன, பிளாஸ்டிக் கூரை போட்டவை. அதில் ஒன்றில் அக்கா பூக் கட்டுகிற வேலைக்குப் போகிறார் என்று தெலுங்குக்காரப் பெண் சொன்னாள். பல ஞாயிற்றுக்கிழமைகள் கிளம்பி, ஏதோ ஒரு காரணம் சொல்லித் தளியிலேயே வண்டியைத் திருப்பியிருக்கிறேன். போன மாதம் லேபிள்காரர்கள், தட்டு தீர்ந்துவிட்டது, மறுபடி போடலாமா என்று கேட்டு எழுதினார்கள். ஒருவரைக் கேட்க வேண்டும் என்று பதில் போட்டேன். யாரை என்று கேட்டார்கள். அவர் பெயரை எழுதினேன். எழுதிய பிறகு போகாமல் இருக்க முடியவில்லை.

பேக்கிங் கொட்டகையில் நீளமான மேசைக்குப் பின்னால் நின்றிருந்தார். கையில் உறை, தலையில் துண்டு. என்னைப் பார்த்ததும், "வாங்கணா. வீட்ல அண்ணி நல்லாருக்காங்களா?" என்றார். மகளைப் பற்றி நான் கேட்டேன். "அங்கதான் இருக்கிறா, தங்கச்சி வூட்ல" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

எப்படியோ ஆரம்பித்து, மன்னிப்பு கேட்டேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் எல்லாம் மறந்துபோய், தப்புப் பண்ணிட்டேன் அக்கா என்று மட்டும் வந்தது. அவர் ரோஜாத் தண்டுகளை நிரவி வைத்தபடியே கேட்டுக்கொண்டார்.

"அந்தப் பாட்டை எடுத்துடச் சொல்லட்டுமா? நீங்க சொன்னா எடுத்துடுவாங்க."

"எடுத்துட்டா என்னை மறுபடி வேலைக்குச் சேத்துக்குவாங்களா?"

"இல்லை."

"அப்பறம் எதுக்கு எங்கிட்ட கேக்கறீங்க? நீங்களே பாத்துக்குங்க."

வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எடுத்திருப்பேன், இருக்கட்டும் என்றிருந்தால் விட்டிருப்பேன். எதைச் சொன்னாலும் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு போயிருந்தேன் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அடுத்த கட்டுக்குத் தண்டுகளை எடுத்தார். பிறகு அவராகவே கேட்டார்.

"இப்ப லைன்ல யாருணா எண்ணுறாங்க?"

"பஸ்ஸர் வெச்சுட்டாங்க."

"ஓ." ஒரு தண்டின் முள்ளை ஒடித்தார். "யார் மாட்டுனது?"

"நான்தான்."

தலையை ஆட்டிக்கொண்டார். எந்த வேகத்தில் வைத்தேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

"உங்க போன் ஆன்ல இருக்குதா?" என்றார்.

சட்டைப் பையிலிருந்து எடுத்து, அவர் பார்க்கும்படி அணைத்து, மேசை மேல் வைத்தேன். சரி என்கிற மாதிரி பார்த்துவிட்டு அவர் வேலையைத் தொடர்ந்தார். ஒரு கட்டுக்கு இருபது பூ. எண்ணி எடுத்து, அட்டையில் சுற்றி, ரப்பர் போட வேண்டும். என் எதிரே, ஒரு கை தூரத்தில் நின்று எண்ணினார். அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.